ஒரு தேக்கரண்டி மூடுபனி

போகியன்று விடியற்காலை வீராணம் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். ஏரி எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. லால்பேட்டைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸின் சத்தம் முதலில் கேட்கும். வெளிச்சம் பிறகு தெரியும். பஸ் கடைசியாகத்தான் வரும். “என்னமா பனி கொட்டுது!” என்போம். உண்மையில் எதுவும் கொட்டவில்லை. நாம் நிற்கும் இடத்துக் காற்றிலேயே அந்தப் பனி பிறக்கிறது.

பகலெல்லாம் வெயில் வாங்கிய தரை, இரவில் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களாக, வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வைபோல் கொஞ்சம் தடுக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த வானத்தில் பல இரவுகளில் அந்தப் போர்வை இல்லை. காட்டுமன்னார்கோயிலில் பொங்கல் சமயத்து இரவு சுமார் 12½ மணி நேரம். அத்தனை நேரமும் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் கூடவே குளிர்கிறது.

குளிர்ந்த காற்றில் நீராவிக்கு இடம் குறைவு. நீளம், அகலம், உயரம் எல்லாம் 10 அடி உள்ள ஓர் அறையில், 25 டிகிரியில் நீராவி நிறைந்திருப்பதாக வையுங்கள். அது 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ ஒரு டம்ளர் நீர் வெளியே வந்தாக வேண்டும். வெட்டவெளியில் அதில் ஒரு பங்கு நெற்தாளில் பனித்துளியாகப் படியும். நீராவிக்கோ இங்கே பஞ்சமில்லை. சம்பா வயலின் ஈரம் இருக்கிறது. சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரியும் இருக்கிறது. நீர் மெதுவாகத்தான் குளிரும் என்பதால், விடியலில் ஏரி காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்து ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் நீராவி அந்தரத்தில் துளியாகாது. ஒட்டிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும். கடல் உப்பு, தூசி, புகை ஆகியவற்றின் நுண்துகள்களே அது. இவற்றை ஒடுக்கக் கருக்கள் என்பார்கள். ஒவ்வொரு கருவைச் சுற்றியும் தலைமுடியின் பருமனில் ஏழில் ஒரு பங்கே உள்ள துளி உருவாகிறது. அத்தனை சிறிய துளி, அசையாத காற்றில் ஓர் ஆள் உயரம் இறங்கவே 9 நிமிடம் ஆகும். மூடுபனி மிதப்பதுபோலத் தெரிவது அதனால்தான்.

அதே அறையை மூடுபனியால் நிரப்ப ஒரு தேக்கரண்டி நீர் போதும்! அது ஏறத்தாழ 1,000 கோடித் துளிகளாகப் பிரியும்போது, எல்லாத் துளிகளின் மேற்பரப்பையும் கூட்டினால் ஒரு பெரிய பாயின் அளவு வரும். அந்தப் பரப்பு முழுவதும் ஒளியைச் சிதறடிக்கிறது. வண்டியின் ஹைபீமைப் போட்டால் அந்த வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வருவது இதனால்தான். டிம் விளக்கே வழிகாட்டும்.

இன்னொரு விந்தை தலைக்கு மேலே நடக்கிறது. வழக்கமாக உயரே போகப் போகக் குளிரும். இந்த இரவுகளில் தரையில் குளிரும் அதற்கு மேலே வெதுவெதுப்பும் இருக்கும். இதற்கு வெப்பத் தலைகீழ்நிலை என்று பெயர். வெதுவெதுப்பான அடுக்கு பானை மூடிபோல் அமர்ந்துகொள்ள, புகை மேலே ஏற முடியாமல் தரையோடு பரவுகிறது. போகி நெருப்பின் புகை, துளிகளுக்குப் புதிய கருக்களையும் தருகிறது. பொங்கல் விடுமுறை வாரக்கடைசியான 2018 ஜனவரி 13 அன்று, புகையும் பனியும் கலந்த இந்த மூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

இதே கணக்கு வடக்கே பேருருவம் எடுக்கிறது. டெல்லியில் பொங்கல் சமயத்து இரவு 13½ மணி நேரம். கங்கைச் சமவெளியின் ஈர வயல்களும் தேங்கிய புகையும் சேர, பஞ்சாப் முதல் பீகார் வரை ஒரே வெள்ளை விரிப்பு செயற்கைக்கோள் படத்தில் தெரியும். அங்கே ரயில் சிக்னலுக்கு முன்பாகத் தண்டவாளத்தில் சிறிய வெடிகளைக் கட்டிவைக்கிறார்கள். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத சிக்னல் ஓட்டுநரின் காதுக்குக் கேட்டுவிடும்.

வீராணத்தில் வெயில் ஏறுகிறது. மூட்டத்தைக் கடந்து வரும் கொஞ்சம் ஒளி முதலில் தரையைச் சூடாக்க, மூடுபனி அடியிலிருந்து கரைகிறது. நெற்தாள் தெரியும், பிறகு வரப்பு, பிறகு எதிர்க்கரை. அந்த ஒரு தேக்கரண்டி நீர் எங்கும் போய்விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆவியாகி, அதே காற்றில், அடுத்த இரவின் குளிருக்காகக் காத்திருக்கிறது.