யார் பணத்தில் எடுத்த படம்?

நான் செவிலியர் டிப்ளமா படித்தவள். சினிமா பற்றிப் பேச அழைத்தபோது தயங்கினேன். பிறகு, ஒரு நோயாளியின் முன்னால் கேமரா நின்ற நாள் நினைவுக்கு வந்தது. அதனால்தான் லாரன் கிரீன்ஃபீல்டைத் தேர்ந்தெடுத்தேன்.

அமெரிக்கரான இவர் முதலில் புகைப்படக்காரர். பெண்கள் தங்கள் உடலை எப்படிப் பார்க்கப் பழக்கப்படுகிறார்கள் என்பதை 'கேர்ள் கல்ச்சர்' (2002) என்ற புகைப்பட நூலில் காட்டினார். அதே கேள்வியோடு 2006இல் 'தின்' என்ற ஆவணப்படத்தை இயக்கினார். உணவுக் கோளாறு நோய்களுக்குச் சிகிச்சை தரும் ஃபுளோரிடா மையம் ஒன்றில் தங்கியிருந்த நான்கு பெண்களின் கதை அது. அவர்களில் ஒருவர் மனநலச் செவிலியர், வயது 25. வயிற்றில் உணவு செலுத்தும் டியூபோடு வந்து சேர்கிறார். எத்தனையோ பேருக்கு அந்த டியூபைச் சுத்தம் செய்தவள் நான். நம் சீருடை நம்மைக் காப்பாற்றாது என்பது அவரைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

2014இல் இதே இயக்குநர் 'ஆல்வேஸ்' நாப்கினுக்காக 'லைக் எ கேர்ள்' என்ற விளம்பரப் படம் எடுத்தார். வளர்ந்தவர்களிடம் "பெண்பிள்ளை மாதிரி ஓடிக் காட்டு" என்றதும் கைகால்களை உதறி நெளிகிறார்கள். சிறுமிகளோ முழு மூச்சோடு ஓடுகிறார்கள். "பொம்பளை மாதிரி அழாதேடா" என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இதன் சுருக்க வடிவம் 2015 சூப்பர் பவுல் ஒளிபரப்பிலும் வந்தது.

பொருளைப் பற்றிய பேச்சு குறைவு, கதை அதிகம். இதைத்தான் 'பிராண்டட் கன்டென்ட்' என்கிறார்கள். ஆவணப்படத்தின் முடிவை இயக்குநர் தேடிக் கண்டடைகிறார். 'தின்' யாரையும் முழுதாகக் குணமாக்கி முடிவதில்லை. விளம்பரத்திலோ முடிவு பெரும்பாலும் முன்பே தீர்மானமாகிவிடும்; பணம் தருபவரின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் வெளிவராது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு விளம்பரப் படக்குழு வந்தது. அங்கிருந்த தமிழ்ப் பாட்டியிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டியவள் நான்தான். படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ கேட்டியேன்னு சரின்னேம்மா. மாட்டேன்னா நாளைக்கு எனக்கு யாரு துணி மாத்துவா?" மறுநாள் மேலதிகாரியிடம் சொன்னேன். படம் வெளியானபோதும் பாட்டி அதில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

விளம்பரம் எடுத்ததால் ஒரு கலைஞர் கெட்டுப்போனார் என்று நான் சொல்லமாட்டேன். கிரீன்ஃபீல்ட் இரண்டு இடத்திலும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். ஆனால் அடுத்த முறை வாட்ஸ்அப்பில் வரும் ஒரு படம் உங்கள் கண்ணைக் கலங்க வைத்தால், இரண்டு விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். யார் பணம் கொடுத்தார்கள்? திரையில் இருப்பவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்திருக்குமா? அன்றைக்கு நான் கேட்க மறந்தது இரண்டாவதை.