சாப்டுக்குப் பக்கத்தில் தட்டி வீடு

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் விமானச் சீட்டுக்கு அடுத்தபடியாக மண்டையை உடைத்துக்கொள்வது தங்கும் அறைக்காகத்தான். பழைய நகரத்தின் நடுவில், எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம் என்றால் வாடகை எகிறும். ரயிலேறி அரை மணி நேரம் தள்ளிப் போனால் இறங்கும். ஜெர்மனியின் ரோத்தன்பர்க், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் போன்ற ஊர்களில் அப்படி எகிறிய வாடகைக்குக் கிடைக்கும் பழைய கட்டடங்கள் பலவற்றின் சுவரைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் மரச்சட்டமும், அதன் இடைவெளியில் குச்சிப் பின்னலும், அதன்மேல் வைக்கோல் கலந்த மண்ணும்தான் இருக்கும்.

கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் தொழிலாளி நூறு வருஷத்துக்கு முன்னால் குடியிருந்த தட்டி வீட்டின் சுவரும் ஏறக்குறைய இதே சரக்குதான். அங்கே குச்சி, இங்கே மூங்கில். அங்கே அது பாரம்பரியச் சின்னம். இங்கே கூலி லைன்.

தட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முற்றிய மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, கணுவைச் சீவி, பட்டையான பிளாச்சுகளாக எடுப்பார்கள். நெடுக்கில் கொஞ்சம் தடித்த பிளாச்சு, குறுக்கில் மெல்லியது. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி முடைந்தால் தட்டி. மூங்கிலின் பலம் அதன் நார்களில் இருக்கிறது. அந்த நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும், உள்பக்கம் போகப் போகக் கலைந்தும் ஓடுகின்றன. அதனால் தோல்பக்கத்தை வீணாக்காமல் பிளப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. மூங்கிலுக்குப் பெரிய எதிரி அதற்குள் இருக்கும் மாவுச்சத்து. உளுக்கும் வண்டு தேடி வருவது அதைத்தான். வெட்டிய மூங்கிலைக் குளத்திலோ ஓடையிலோ சில வாரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து போகும், வண்டுக்கும் வேலை இல்லாமல் போகும்.

கம்பங்களை நட்டு, தட்டியை அதில் அறைந்து, இருபக்கமும் மண் பூச வேண்டும். வெறும் மண் காய்ந்தால் வெடித்துவிடும். அதில் கலக்கும் சாணத்தில் இருக்கும் செரிக்காத நார் அந்த வெடிப்பை இழுத்துப் பிடிக்கும், பின்னலின் இடுக்குகளில் புகுந்த மண் ஆணி அடித்த மாதிரி உட்காரும். சில நாளில் ஒரு சுவர் எழுந்துவிடும். வேண்டாமென்றால் பிரித்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் நிறுத்தலாம். சுரங்கக் கம்பெனிக்கு இந்தக் கடைசிக் குணம் தோதாக இருந்தது. தங்க ரேகை எந்தப் பக்கம் ஓடும், அடுத்த சாப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) எங்கே இறங்கும் என்று தெரியாத இடத்தில் கல் கட்டடத்தில் யார் பணம் போடுவார்கள்? (துரைமார்களுக்கு மட்டும் போட்டார்கள், தோட்டத்தோடு.)

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் இங்கே கால் வைத்தபோது இது கிட்டத்தட்ட பொட்டல் காடு. அது நடத்திய மைசூர் கம்பெனியின் மூலதனம் கரைந்து, கடையை மூடிவிடலாம் என்ற நிலையில்தான் சுரங்க மேற்பார்வையாளர் கேப்டன் பிளம்மர் சாம்பியன் என்ற தங்க ரேகையைத் தொட்டார். அதற்குப் பிறகு ஊர் வீங்கிய வேகத்தை மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது: 1891இல் சுமார் 7 ஆயிரம் பேர், 1901இல் 38 ஆயிரத்துக்கும் மேல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள். தமிழர்களே மிகுதி, அவர்களிலும் தலித்துகளே பெரும்பாலோர். 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பத்துக்கு ரயில் கிளை வந்ததும் வரவு இன்னும் கூடியது. இத்தனை பேருக்கும் செங்கல் சுட்டுக் கட்டிக்கொண்டிருந்தால் சுரங்கம் காத்திருக்காது. மூங்கில் காத்திருக்க வைக்கவில்லை.

வீடு மலிவாக இருந்ததைவிட, அது நின்ற இடம்தான் இதில் முக்கியம். சுரங்கம் ராத்திரி பகல் பார்க்காமல் ஷிப்டு ஷிப்டாக ஓடும். சங்கு ஊதினால் ஆள் சாப்ட் வாயில் நிற்க வேண்டும். அங்கிருந்து கூண்டில் இறங்கி, அடியில் மறுபடி நடந்து வேலையிடம் சேரவே நேரம் பிடிக்கும். அந்தக் காலத்தில் பஸ் கிடையாது. ஆகவே சாப்டையும் தாது அரைக்கும் மில்லையும் சுற்றி லைன் லைனாக வீடுகள் முளைத்தன. சுற்றுலாப் பயணி நடுநகர அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் அதே 'நடந்து போகும் தூரம்' இங்கே தொழிலாளிக்குச் சொற்ப வாடகையில் கிடைத்தது. ஏன் கொடுத்தார்கள் என்றால், அந்தத் தூரம் தேவைப்பட்டது தொழிலாளிக்கு அல்ல, கம்பெனிக்கு. கண்ணெதிரே குடியிருக்கும் ஆளை எழுப்புவதும் சுலபம், தங்கம் திருடுகிறானா என்று கண்காணிப்பதும் சுலபம். நிலமும் கம்பெனியுடையது, கூரையும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும் என்பதை யாரும் எழுதி ஒட்ட வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு குடியிருப்பு ஐரோப்பாவிலேயே இருக்கிறது, அதுவும் சுரங்கப் பணத்தில் எழுந்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1521இல் யாக்கோப் ஃபுக்கர் நிறுவிய ஃபுக்கராய். வெள்ளியிலும் செம்பிலும் கொழித்த அந்தச் செல்வந்தர், நலிந்துபோன உள்ளூர்க் கத்தோலிக்கர்களுக்காக நகருக்குள்ளேயே வரிசை வீடுகள் கட்டினார். வருஷ வாடகை ஒரு ரைன் கில்டர். இன்றைக்கும் அதே கணக்கில் 88 சென்ட், ஒரு யூரோகூட இல்லை. கூடவே தினமும் மூன்று பிரார்த்தனை. இசைமேதை மொட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார், அங்கே குடியிருந்தவர்தான். அந்த வீடு ஒருவன் இன்னாரிடம் வேலை செய்கிறான் என்பதற்காகக் கொடுத்ததல்ல. வாடகை ஐந்நூறு வருஷம் நிலைத்ததற்கு அது ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

தட்டி வீட்டை நான் புகழ வரவில்லை. கூரை தாழ்வு, ஜன்னல் கிடையாது, அடுப்புப் புகைக்குப் போக்கிடமில்லை. கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். மார்கழிக் குளிரை மெல்லிய சுவர் தாங்காது. கனமான கல் சுவர் பகல் சூட்டைச் சேர்த்துவைத்து ராத்திரியில் விடும். தட்டிக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடத்தில் வியர்த்துவிட்டு மேலே வருகிறவனுக்கு இந்தக் குளிர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளேக் பயம் வந்த காலத்தில், நெருக்கியடித்த குடிசைகளின் ஆபத்தும் கண்ணில் பட்டது. சுரங்க எல்லைக்கு வெளியே நேர்நேரான தெருக்களோடு ஒரு நகரம் எழுந்து, மைசூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டொனால்ட் ராபர்ட்சன் பெயரால் ராபர்ட்சன்பேட்டை ஆனது. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்கம்பிப் பாதைகளில் ஒன்று. அது வந்தது இயந்திரங்களுக்காக, லைன் வீடுகளுக்காக அல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் தட்டி செங்கல்லை ஜெயித்தது. தங்கவயலில் பாறை வெடிப்பு உண்டு: தோண்டிய வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறையில் அழுத்தம் சேர்ந்து சேர்ந்து, திடீரென்று நொறுங்கும். பெரிய வெடிப்பு என்றால் நில அதிர்ச்சி மாதிரி மேலே தரையும் ஆடும், கட்டடச் சுவர்களில் விரிசல் விழும். எடை குறைந்த, வளைந்து கொடுக்கும் மூங்கில் சுவர் ஆடிவிட்டு நிற்கும். மண் பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். இதை யோசித்து யாரும் கட்டியதாகத் தெரியவில்லை. மலிவின் பக்கவிளைவு.

பின்னாளில் தட்டி போய் லைன்களில் செங்கல்லும் ஓடும் ஷீட்டும் வந்தன. கம்பெனி 1956இல் மைசூர் அரசுக்கும், பிறகு மத்திய அரசுக்கும் கைமாறியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது; வேலைதான் பெங்களூருக்குப் போய்விட்டது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று நின்று நின்று போகும் அந்த 1894ஆம் வருஷக் கிளைப்பாதையில், அன்றைக்கு ஆட்களை இறக்கிவிட்ட ரயில் இன்றைக்கு விடியுமுன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒற்றை அறைக்குக் கேட்கும் வாடகையையும் ரயில் சீசன் டிக்கெட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், லைன் வீட்டை ஏன் விடவில்லை என்பது புரியும். அந்தக் கணக்கில், தினமும் போக வர ஆகும் நாலு மணி நேரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்.