முன்சக்கரத்தில் 'டக் டக்'

காரின் முன்பக்கம் 'டக் டக்' என்று தட்டினால், எந்தப் பாகம் போயிற்று என்று தேடுவதற்கு முன், சத்தம் எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு இறங்கி, மழையில் பெயர்ந்த உள்தெருவில் மெதுவாகப் போகும்போது கேட்கிற சத்தம், மறுபடி நெடுஞ்சாலை ஏறியதும் அடங்கிவிடும். பலரும் அத்துடன் அதை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த வேறுபாடுதான் முதல் தடயம்.

இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் வகுத்த இது, 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. ஊரப்பாக்கத்துக்குத் தெற்கே மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் இதே அமைப்புதான். ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும். மேலே ரப்பர் மவுண்ட், கீழே பால் ஜாயிண்ட், அதைத் தாங்கும் லோயர் ஆர்ம், ஆர்மின் மறுமுனையில் புஷ்கள். இரு சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை லிங்க் ராடு பிடித்திருக்கும்.

சின்னச் சின்னக் குழிகளில் 'கட கட' என்று விடாமல் வந்தால் முதல் சந்தேகம் லிங்க் ராடு மீது. பிரேக் பிடிக்கும் கணத்தில் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தட்டினால் மேல் மவுண்ட். முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வரும் 'டிக் டிக்' சஸ்பென்ஷன் சத்தமே அல்ல. அது ஆக்ஸில் ஜாயிண்ட்.

லிங்க் ராடைச் சோதிப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறி லிங்க் ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த முனையும் ஆடாமல் நிற்கும். இரு சக்கரங்களும் தரையில் இருக்க, ஒருவர் காரை மேலும் கீழும் அழுத்த, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு லிங்க் ராடைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் அந்தத் தட்டல் விரல் நுனியில் தெரியும். மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஓடும் கார்களில் இதன் நட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருக்கும். துரு ஆயில் ஊற்றி ஊறவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

பால் ஜாயிண்ட்டுக்கு ஜாக்கி தேவை. கூடவே ஸ்டாண்டும் வைத்தாக வேண்டும். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், இன்னொருவர் பிரேக்கை மிதித்திருக்க மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டாக இருக்கலாம். இடமும் வலமும் ஆட்டும்போது தட்டினால் டை ராடு எண்டையோ ரேக் எண்டையோ பார்க்க வேண்டும். லிங்க் ராடு தேய்ந்த கார் சில நாள் ஓடும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்து, கார் ஓட்டுபவர் கையில் நிற்காது. அதில் ஆட்டம் தெரிந்த காரை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

பழுது தெரிந்தபின் ஷாக் அப்சார்பர் என்றால் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவது முறை. லோயர் ஆர்மோ டை ராடு எண்டோ மாற்றினால் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். ரப்பர் புஷ்ஷில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கார் தூக்கிய நிலையில் சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பழைய சத்தம் திரும்ப வரும். புஷ் மாற்றக் கொடுப்பவர்கள், கடைசி முறுக்கை காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முறுக்கும்படி மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.