எழுத்துப் பிழை இல்லாத நோய்

மரபணு சிதையாமலேயே புற்றுநோய் வரலாம். புதிய மருந்துகளுக்கு வழிவிட்டிருப்பதும் அந்த உண்மைதான்.

1994-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெர்மன், ஸ்டீபன் பேலின் குழுவினர் 26 சிறுநீரகப் புற்றுக்கட்டிகளில் ஒரே ஒரு மரபணுவை ஆராய்ந்தார்கள். அதன் பெயர் வி.ஹெச்.எல். முந்தைய ஆண்டுதான் அது கண்டறியப்பட்டிருந்தது. அது கெட்டால் சிறுநீரகத்தில் புற்று வளரும் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால், இந்த 26 கட்டிகளில் ஐந்தில் அவர்கள் கண்டது வேறு விஷயம். அந்த மரபணு இருந்தது, வேலை செய்யவில்லை. ஐந்தில் நான்கு கட்டிகளில் அந்த மரபணுவின் டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழை எதுவும் தென்படவில்லை. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதிக்கூறு வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான செய்தி அடுத்து வந்தது. இதே நிலையில் இருந்த புற்றுச்செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, மெத்திலை நீக்கும் மருந்தைக் கொடுத்தபோது, வாயடைத்துக் கிடந்த வி.ஹெச்.எல். மீண்டும் இயங்கத் தொடங்கியது.

வீட்டில் விளக்கு எரியாததற்குக் கம்பி அறுந்ததும் காரணமாக இருக்கலாம், யாரோ சுவிட்சை அணைத்ததும் காரணமாக இருக்கலாம். இருட்டு ஒன்றுதான், சரிசெய்யும் வழி வேறு. புற்றுநோயைப் பற்றி நாம் பல காலமாகக் கேட்டுவந்தது அறுந்த கம்பியின் கதையை மட்டுமே. புகையிலையும் கதிர்வீச்சும் மரபணுவைச் சிதைக்கின்றன, சிதைந்தது சிதைந்ததுதான் என்ற கதை. அது பொய்யல்ல. ஆனால், அது பாதிக் கதை.

மெத்தில் செய்யும் வேலை

மெத்தில் ஒட்டுவது இயல்பில் நோயல்ல. நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. ஆனாலும் கண்ணின் செல் கண்ணாகவும், கல்லீரலின் செல் கல்லீரலாகவும் இருக்கின்றன. எந்த மரபணு எங்கே இயங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் வழிகளில் ஒன்று இந்த மெத்திலேற்றம். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின்மீது மெத்தில் அமரும். மரபணுவின் தொடக்கத்தில் அது அடர்ந்தால் அந்த மரபணு அடங்கிவிடும். செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.எம்.டி.1 என்ற நொதி பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையிலும் மெத்திலை அதே இடத்தில் பொருத்துகிறது. அதனால் தாய்ச்செல்லின் மௌனம் மகள்செல்லுக்கும் வந்து சேர்கிறது. புற்றுச்செல்லில், புற்றைத் தடுக்க வேண்டிய மரபணுக்களே இந்த மௌனத்தில் சிக்கிக்கொள்கின்றன.

இதற்கான மருந்து நோயின் இந்த முகம் தெரிவதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1964-ல் பிராகா நகரத்து வேதியியலாளர்கள் அசாசிட்டிடின் என்ற பொருளைத் தயாரித்தார்கள். முதலில் அதைச் செல்களைக் கொல்லும் நஞ்சாகத்தான் பார்த்தார்கள். பின்னர் பீட்டர் ஜோன்ஸ் அதை எலிக்கருவின் செல்களில் இட்டுப் பார்த்தபோது, அவற்றில் சில துடிக்கும் தசைச்செல்களாக மாறின. செல்கள் சாகவில்லை, குணம் மாறின. ஷெர்லி டெய்லருடன் சேர்ந்து 1980-ல் அதன் காரணத்தை விளக்கினார்: அந்தப் பொருள் மெத்திலைக் களைகிறது. 2004-ல் எலும்புமஜ்ஜையைப் பாதிக்கும் எம்.டி.எஸ். என்ற நோய்க்கு அமெரிக்க அரசு இந்த மருந்தை அனுமதித்தது. 2009-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், தீவிர நிலையில் இருந்த எம்.டி.எஸ். நோயாளிகள் வழக்கமான சிகிச்சையில் இடைநிலை அளவாக 15 மாதங்களும், அசாசிட்டிடின் பெற்றவர்கள் 24.5 மாதங்களும் உயிர்வாழ்ந்தார்கள்.

கேலின் கேட்ட கேள்வி

அப்படியானால், மெத்தில் வாயடைத்த அந்த வி.ஹெச்.எல். மரபணு இயல்பில் செய்யும் வேலைதான் என்ன? பாஸ்டன் நகரின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் வில்லியம் கேலின் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். மருத்துவராகப் பயின்றவர். கல்லூரி நாட்களில் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, இவருடைய எதிர்காலம் ஆய்வகத்துக்கு வெளியேதான் என்ற பொருளில் பேராசிரியர் ஒருவர் எழுதிக்கொடுத்தார். கேலின் வெளியே போகவில்லை.

வி.ஹெச்.எல். பழுது பரம்பரையாக வரும் குடும்பங்களில் கண், மூளை, சிறுநீரகம் ஆகிய இடங்களில் கட்டிகள் வரும். அந்தக் கட்டிகளில் ரத்தநாளங்கள் அளவுக்கு மீறிப் பின்னிக்கிடக்கும். சில நோயாளிகளுக்குச் சிவப்பணுக்களும் கூடிவிடும். ஆக்சிஜன் குறையும்போது உடல் செய்யும் வேலைகள் இவை இரண்டும். ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதே இந்தக் கட்டிகள் மூச்சுத் திணறுவதுபோல நடந்துகொள்வது ஏன் என்பதுதான் கேலினை உறுத்தியது.

பதில் யுபிக்விட்டினில் இருந்தது. 76 அமினோ அமிலங்களால் ஆன மிகச் சிறிய புரதம் அது. செல்லுக்குத் தேவையில்லாத புரதத்தின்மீது யுபிக்விட்டின் சங்கிலியாக ஒட்டிக்கொண்டால், புரோட்டியாசோம் என்ற அமைப்பு அந்தப் புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டிவிடும். இதைக் கண்டறிந்த ஏரன் சியக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. எந்தப் புரதத்தில் யுபிக்விட்டினை ஒட்டுவது என்று அடையாளம் காட்டுபவை சில புரதங்கள். வி.ஹெச்.எல். மரபணு தரும் புரதம் அவற்றில் ஒன்று.

அது அடையாளம் காட்டுவது ஹிஃப் என்ற புரதத்தை. ரத்தநாளங்களையும் சிவப்பணுக்களையும் பெருக்கும் ஆணை ஹிஃப்பிடமிருந்துதான் வருகிறது. செல் ஹிஃப்பை ஓயாமல் தயாரிக்கும், ஓயாமல் அழிக்கும். ஆக்சிஜன் இருக்கும்போது ஹிஃப்பின் மேல் ஒரு சிறு வேதி அடையாளம் விழுகிறது. அதைக் கண்டதும் வி.ஹெச்.எல். பற்றிக்கொள்ளும், யுபிக்விட்டின் ஒட்டும், ஹிஃப் சில நிமிடங்களில் காணாமல் போகும். ஆக்சிஜன் குறைந்தால் அந்த அடையாளம் விழாது, ஹிஃப் தங்கிவிடும். 2001-ல் கேலின் குழுவும், ஆக்ஸ்போர்டின் பீட்டர் ராட்கிளிஃப் குழுவும் இதைத் தனித்தனியாக நிறுவின. ஹிஃப்பைக் கண்டுபிடித்த கிரெக் செமென்சாவோடு இவர்கள் இருவரும் 2019-ல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இப்போது 1994-ன் அந்தக் கட்டிகளுக்குத் திரும்புவோம். மெத்தில் ஒட்டியதால் வி.ஹெச்.எல். அடங்கியது. வி.ஹெச்.எல். இல்லாததால் ஹிஃப்பின்மேல் யுபிக்விட்டின் ஒட்டவில்லை. அழிய வேண்டிய ஹிஃப் அழியாமல் நின்று, கட்டிக்கு ரத்தநாளங்களை வரவழைத்தது. டி.என்.ஏ.வில் விழுந்த ஓர் அடையாளம், புரதத்தில் விழ வேண்டிய இன்னோர் அடையாளத்தைத் தடுத்துவிட்டது. நோய் இந்த இரண்டுக்கும் நடுவே வளர்ந்தது.

இதற்கு நேரெதிரான வழியிலும் புற்று வரும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ், நம் செல்லின் யுபிக்விட்டின் அமைப்பைத் தன்வயப்படுத்தி, புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தை அழிக்க வைக்கிறது. பி53 மரபணு பழுதில்லாமல் இருக்கும். அது தரும் புரதம்தான் நிலைக்காது.

யுபிக்விட்டின் எப்போதும் அழிவின் அடையாளமும் அல்ல. 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதைக் காட்டியது. டி.என்.ஏ. நகலெடுக்கப்படும் இடத்தில் யு.ஹெச்.ஆர்.எஃப்.1 என்ற புரதம், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தின்மீது யுபிக்விட்டினை ஒட்டுகிறது. அந்த அடையாளத்தைப் பார்த்தே டி.என்.எம்.டி.1 அங்கே வந்து மெத்திலேற்றுகிறது. மெத்தில் தாய்ச்செல்லிலிருந்து மகள்செல்லுக்குப் போவதற்கே யுபிக்விட்டின் துணை வேண்டியிருக்கிறது.

மருந்துக்கடை வரை

இந்த அறிவு ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் மருத்துவ மையத்தில், ஹிஃப் வகைகளில் ஒன்றான ஹிஃப்-2 புரதத்துக்குள் ஒரு சிறு குழி கண்டறியப்பட்டது. அதில் போய்ப் பொருந்தும் பெல்ஸுட்டிஃபான் மாத்திரை, 2021-ல் வி.ஹெச்.எல். குடும்ப நோய்க்கும், 2023-ல் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கும் அனுமதி பெற்றது.

கேலினின் ஆய்வகம் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. 1950-களின் இறுதியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறையோடு பிறக்கச் செய்தது தாலிடோமைடு. அதன் வழிவந்த லெனலிடோமைடு, மைலோமா என்ற ரத்தப் புற்றுக்கு நல்ல மருந்தானது. ஆனால், அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. 2014-ல் கேலின் குழுவும் பெஞ்சமின் எபர்ட் குழுவும் விடை சொன்னார்கள். செரிப்ளான் என்ற யுபிக்விட்டின் ஒட்டும் புரதத்தை இந்த மருந்து திசைதிருப்பி, மைலோமா செல் உயிர்வாழத் தேவையான இரண்டு புரதங்களை அழிக்க வைக்கிறது. வைரஸ் நமக்கு எதிராகச் செய்ததை, மருந்து நமக்காகச் செய்கிறது. விரும்பிய புரதத்தைத் தேடி அழிக்கும் புதிய மருந்துகளை உருவாக்குவதற்கு வி.ஹெச்.எல். புரதத்தையே கருவியாகக் கொண்டு ஆய்வுகள் நடக்கின்றன.

எல்லாம் எளிதாகிவிடவில்லை. மெத்திலைக் களையும் மருந்துகள் ரத்தப் புற்றுகளில் தந்த பலனைச் சிறுநீரகம், நுரையீரல் போன்ற உறுப்புகளின் கட்டிகளில் தரவில்லை. அவை குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் எழுப்புவதில்லை, கைபட்ட இடத்தில் எல்லாம் மெத்திலைக் களைகின்றன. புற்றுநோய் இன்னும் உயிர்களைப் பறிக்கிறது; அதன் கொடுமையைக் கேலினுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்பகப் புற்று அறுவை மருத்துவராக இருந்த அவருடைய மனைவி கேரலின், 2003-ல் தானே மார்பகப் புற்றுக்கு ஆளாகி, 2015-ல் மூளைக்கட்டியால் இறந்தார்.

ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். புற்றுநோய் என்றதும் மரபணு கெட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கையைப் பிசைந்த காலம் முடிந்துவிட்டது. எழுத்து பிழையா, அடையாளம் பிழையா என்று கேட்கத் தெரிந்துவிட்டது. அடையாளம் என்றால் அதை மாற்ற முயலலாம்.

இந்த முயற்சிக்குக் காலம் பிடித்தது. வி.ஹெச்.எல். மரபணு கிடைத்து, அதற்கான மாத்திரை வர 28 ஆண்டுகள். அசாசிட்டிடின் நஞ்சிலிருந்து மருந்தாக 40 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, ரத்தநாளம் ஏன் பெருகுகிறது, எலிச்செல் ஏன் துடிக்கிறது என்று கேட்டவர்களின் ஆண்டுகள். மருந்து எங்கே என்று அவர்களிடம் அப்போது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. அடிப்படை அறிவியலுக்கு அரசு ஒதுக்கும் பணத்தை, உடனடிப் பலனை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. நாளைய நோயாளிக்கு வேண்டிய மருந்து, இன்று பயன் என்னவென்றே தெரியாத கேள்வி ஒன்றில் இருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்பவருக்குச் சம்பளமும் ஆய்வகமும் காலமும் தருவது நம் கடமை.