அடுப்புப் புகை குறைய, விறகு மிச்சமாக

மீள்குடியேறிய முதல் மாதங்களில் பெரும்பாலான வீடுகளில் சமையல் மூன்று கல் அடுப்பில்தான் நடக்கிறது. தறப்பாள் கொட்டிலுக்குள் புகை நிறைந்து கண் எரிவது ஒரு தொல்லை. ஒவ்வொரு கட்டு விறகுக்கும் வீட்டில் ஒருவர் பற்றைக்காட்டுப் பக்கம் போகவேண்டியிருப்பது அதைவிடப் பெரிய தொல்லை. கண்ணிவெடி அகற்றி முடியாத ஊரில் ஒரு கட்டு மிச்சமானால் ஒரு நடை குறையும்.

புகை என்பது எரியாமல் போன விறகு. விறகு சூடேறும்போது அதிலிருந்து வாயு வெளிவருகிறது. போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அந்த வாயு சுவாலையாக எரியும். கிடைக்காவிட்டால் புகையாகிக் கூரைக்குப் போய்விடும். ஆகவே அடுப்பு புகையும்போது இன்னும் விறகைத் திணிப்பது பிழை. இரண்டு கொள்ளியை வெளியே இழுங்கள், சாம்பலை வழித்தெடுங்கள். அநேகமாக ஊதுகுழல் தேவைப்படாது.

காற்று விறகுக்குக் கீழிருந்து வரவேண்டும். அடுப்பு வாயில் இரண்டு கம்பித் துண்டுகளை அல்லது உடைந்த ஓட்டுத் துண்டுகளைக் குறுக்கே வைத்து, அவற்றின் மேல் விறகை வையுங்கள். நிலத்துக்கும் விறகுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். வாயின் அரைவாசிக்கு மேல் விறகால் அடைக்க வேண்டாம். தடித்த கட்டையைப் பிளந்து, நுனி மட்டும் எரியும்படி வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுங்கள்.

காற்று கூடினாலும் நட்டம்தான். சோளகக் காற்று வீசும் நாட்களில் சுவாலை சட்டிக்கு வெளியே சாயும். சூடு காற்றோடு போய்விடும். காற்றடிக்கும் திசைக்கு அடுப்பு வாயைத் திருப்பாமல், மூன்று பக்கமும் களிமண்ணால் சுவர் எழுப்புங்கள். சட்டியின் அடிக்கும் சுவரின் மேல் விளிம்புக்கும் இடையில் ஒரு விரல் தடிப்பு இடைவெளி விடுங்கள். சட்டி முழுதாகப் படிந்தால் நெருப்பு மூச்சடைத்து, சட்டி கரிபிடிக்கும். சந்தையில் கிடைக்கும் இரட்டை வாய் ‘அனகி’ மண் அடுப்பும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஒன்றை வாங்கி, சுற்றிவரக் களிமண் சாந்து பூசிப் பாவிப்பது நல்லது.

பச்சை விறகின் நிறையில் ஏறக்குறைய அரைவாசி தண்ணீர். 2 கிலோ பச்சை விறகை எரித்தால், சோறு வேகுமுன்னர் விறகுக்குள் இருக்கும் ஏறக்குறைய 1 லீற்றர் தண்ணீரை ஆவியாக்குகிறீர்கள்! மாரி தொடங்குமுன்னரே பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி மூடி வையுங்கள். காய்ந்த பனை மட்டை, ஊமல், சிரட்டை, பொச்சுமட்டை எல்லாம் நல்ல எரிபொருள்; சொந்த வளவுக்குள்ளேயே கிடைப்பவை. பன்னாடையைப் பற்றவைக்க மட்டும் வைத்திருங்கள். அது பொசுக்கென்று எரிந்து முடிந்துவிடும்.

விறகு கிடைக்கிறதே என்று பழைய பங்கர்களில் உள்ள பனங்குற்றிகளைப் பிரிக்க வேண்டாம். குற்றிகளுக்குள்ளும் மண் அணைக்குள்ளும் வெடிக்காத பொருட்கள் இருக்கக்கூடும். அங்கு கிடக்கும் ரயில் சிலிப்பர் கட்டைகளுக்கும் வெடிபொருட் பெட்டிப் பலகைகளுக்கும் உக்காமலிருக்க மருந்து ஏற்றியிருக்கலாம். அவற்றின் புகை நஞ்சு. புதிதாக அடுப்பு மூட்டுவதும் குப்பை கொளுத்துவதும் துப்புரவாக்கப்பட்ட நிலத்தில் மட்டுமே. மண்ணுக்குள் புதைந்திருக்கும் வெடிபொருள் மேலே எரியும் நெருப்பின் சூட்டிலும் வெடிக்கும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அல்லது கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கு அறிவியுங்கள்.

மழைக்குளிருக்குத் தணலைச் சட்டியில் அள்ளி, நாலு பக்கமும் மூடிய கொட்டிலுக்குள் வைத்துப் படுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. தணலில் புகை இல்லாவிட்டாலும், நிறமோ மணமோ இல்லாத காபன் ஓரொட்சைட்டு வாயு அதிலிருந்து வருகிறது. நித்திரையில் இருப்பவர் அறியாமலே மயங்கி இறக்கக்கூடும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி ஒரே வேளையில் பலருக்கு வந்தால் எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படுக்கப் போகுமுன்னர் தணலை வெளியே கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அணைந்த கரியை வெயிலில் காயவைத்தால் மறுபடி எரிக்கலாம்.