காரவெல்லை வீழ்த்திய விரிசல்

விம்கோ நகர் ரயில் நிலையத்தில் சரக்கு வண்டிகள் கடந்து செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை, இரு சக்கரங்களை இணைக்கும் எஃகு அச்சைக் கவனியுங்கள். மேலேயுள்ள பாரத்தினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்திருக்கிறது. வளைவின் ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் அமுங்குகிறது. சக்கரம் அரைச்சுற்று சுற்றியதும் இரண்டும் இடம் மாறுகின்றன. சக்கரத்தின் விட்டம் ஒரு மீட்டர் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 318 சுற்றுகள். சென்ட்ரலிலிருந்து கூடூர் போய்ச் சேருவதற்குள் நாற்பதாயிரத்துக்கும் மேல்!

ஒரு தடவை எளிதில் தாங்கிய இழுப்பையே பல இலட்சம் தடவை தாங்க நேரும்போது உலோகம் முறிந்துவிடலாம். இதனை உலோகச் சோர்வு என்பர். 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு ஒன்று இவ்வாறு முறிந்ததில் பலர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து இதன் விதிகளைக் கண்டார்.

இதே சோர்வுதான் சென்னைக்கு வரவேண்டிய ஒரு ஜெட் விமானத்தையும் வீழ்த்தியது.

காரவெல் பிரான்சில் பிறந்த விமானம். முதன்முதலாகப் பறந்தது 1955 மே 27இல். எஞ்சின்களை இறக்கையில் வைக்காமல் வாலருகே உடலின் இருபுறமும் பொருத்தியிருந்தார்கள். பயணிகளுக்கு இரைச்சல் குறைந்தது. 1964இல் இந்தியன் ஏர்லைன்ஸ் பறக்கவிட்ட முதல் ஜெட் விமானம் இதுவே. பின்னர் போயிங் 737 வந்தபோதும் காரவெல்கள் ஓய்வு பெறவில்லை.

1976 அக்டோபர் 12. பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்படவிருந்த போயிங்கில் கோளாறு காணவே, அதற்குப் பதிலாக ஒரு காரவெல் புறப்பட்டது. மேலெழுந்த சற்று நேரத்தில் இரண்டாம் எஞ்சின் பழுதாகித் தீப்பற்றியது. விமானி திரும்பினார். ஓடுபாதையை எட்டுமுன், சுமார் 300 அடி உயரத்திலிருந்து விமானம் மூக்குக் குப்புற விழுந்தது. இருந்த 95 பேரும் மாண்டனர். ‘பத்ரகாளி’ படக் கதாநாயகி ராணி சந்திராவும் அவர்களுள் ஒருவர்.

எஞ்சினுக்குள் என்ன நடந்தது? ஜெட் எஞ்சின் எரிபொருளை எரிக்குமுன் காற்றை அமுக்கிச் செறிவாக்க வேண்டும். இதற்கென வரிசையாக வட்டுகள் உண்டு. ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் சிறு அலகுகள். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும்போது ஒவ்வோர் அலகும் வெளிநோக்கிப் பறக்க முயல்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது வட்டு. எஞ்சின் நின்றதும் இழுப்பு தளர்கிறது. ஆக, பயணத்துக்கு ஒரு பெரிய இழுப்பு, ஒரு தளர்வு. பத்தாவது வட்டில் எங்கோ தோன்றிய நுண்ணிய விரிசல் இப்படித்தான் சிறிது சிறிதாக நீண்டது. எஞ்சிய உலோகம் போதாமற்போன கணத்தில் வட்டு வெடித்துச் சிதறிற்று. தெறித்த அலகு ஒன்றை எஞ்சினின் உறை தடுத்துவிடும். வட்டின் துண்டை அதனால் தடுக்க முடியாது. உறை பிளந்தது, எரிபொருட் குழாய்கள் அறுந்தன, தீ மூண்டது.

ஓர் எஞ்சின் போனால் மற்றொன்றைக் கொண்டு இறங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இறங்கியிருக்கலாம்தான். ஆனால் காரவெல்லின் வால், இறக்கைச் சுக்கான்களை அசைப்பது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம். தீயினால் அந்த எண்ணெய் வடிந்துபோயிற்று. விமானி கோலை இழுத்தும் சுக்கான் அசையவில்லை. 1963இல் சுவிட்சர்லாந்தில் ஒரு காரவெல் இதே போல், தீயினால் எண்ணெய்க் குழாய்கள் சேதமுற்று, 80 பேருடன் விழுந்திருந்தது. அந்த முன்னெச்சரிக்கையை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

விமானத்தின் வயதை ஆண்டுகளால் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். 1988இல் ஹவாய்த் தீவுகளில் வானில் கூரை பிய்ந்துபோன போயிங் 737க்கு வயது 19தான். ஆனால் பறந்த தடவைகள் 89,680. ஒவ்வொன்றும் சராசரி அரைமணி நேரங்கூட இல்லாத குட்டிப் பயணம்.

ஆகவே எஞ்சின் வட்டுகளுக்குப் பயணக் கணக்கு வைக்கிறார்கள். பழுதுபார்க்கும்போது ஒளிரும் சாயத்தைப் பூசித் துடைத்து, புற ஊதா ஒளியில் பார்ப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த சாயம் பளிச்சென்று கோடாகத் தெரியும். குறித்த எண்ணிக்கை முடிந்துவிட்டால், ஒரு கீறல்கூட இல்லாமல் புதிதுபோல் மின்னினாலும் அந்த வட்டு மறுபடி எஞ்சினுக்குள் போவதில்லை.