சிவப்புக் கோடு வரலையா? உஷார்!

சர்டிபிகேட்ல பேர் தப்பா இருந்தா அதை எவன் சுவத்துல மாட்டுவான்? போன லீவுல எங்க புளியறையில இதான் டென்ஷன். கபடிப் போட்டியில ஆடின பசங்க பட்டியல் சாயங்காலத்துக்குள்ள தென்காசி பிரஸ்ஸுக்குப் போகணும். "நீதான் இன்ஜினீயரிங் படிக்கியே, பாரு"ன்னு சித்தப்பா லேப்டாப்பைத் தள்ளிவிட்டார்.

லிப்ரே ஆபீஸ் கால்க். முதல் வரிசையில பசங்க பேர், ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. அடுத்த வரிசையில ஊர், தெரு. அது முழுக்கச் சிவப்பு! "பேரெல்லாம் சரியா இருக்கு, தெருவை மட்டும் திருத்து"ன்னார் சித்தப்பா. நானும் தலையாட்டிட்டேன். சும்மா டெஸ்ட்டுக்கு ஒரு செல்லுல 'தமில்'னு அடிச்சேன். கோடு வரலை. வயித்தைக் கலக்கிடுச்சு.

ஸ்பெல் செக்கர் எழுத்தோட உருவத்தைப் பார்க்கிறதில்லைங்க. செல்லுக்கு எந்த மொழின்னு குறிச்சிருக்கோ, அந்த அகராதியைத் தேடும். அந்த லேப்டாப் ஆரியங்காவுல வேலை பார்த்த ஒரு அண்ணனோடது. மொழி மலையாளம்னு இருந்துச்சு. மலையாள அகராதியோ அதுல இல்லை. அகராதி இல்லேன்னா அது எதையும் செக் பண்ணாது. நாம 'எல்லாம் சரி'ன்னு நினைச்சுக்குவோம்!

தெரு வரிசை கதை வேற. அது பழைய பாமினி ஃபான்ட். திரையில 'அம்மா'ன்னு தெரியும். உள்ளே இருக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாவம், இங்கிலீஷ்னு நினைச்சு கோடு போட்டுத் தள்ளியிருக்கு. தமிழக அரசு 2010-லயே யூனிகோடுக்கு மாறச் சொல்லிடுச்சு, பழைய ஃபைல்கள் மாறணுமே!

வைத்தியம் சிம்பிள். பாமினியை கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடாக்கினோம். தமிழ் அகராதியை எக்ஸ்டென்ஷனா சேர்த்தோம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' மொழியைத் தமிழாக்கினோம். அகராதி இருக்கிற மொழிக்குப் பக்கத்துல ஒரு டிக் தெரியும், அதைப் பார்த்துக்கோங்க. ஏற்கெனவே மொழி குறிச்ச செல்லுன்னா ஃபார்மட், செல்ஸ், ஃபான்ட்ல தனியா மாத்தணும்.

இதுக்குப் பின்னாடி இருக்கிற ஹன்ஸ்பெல், ஹங்கேரிய மொழிக்காகப் பிறந்தது. அதுவும் நம்ம மாதிரி விகுதி மேல விகுதி ஒட்டுற மொழி. 'வீடு' தெரிஞ்சா போதாது. வீட்டுக்கு, வீட்டிலிருந்து எல்லாம் தெரியணும்ல?

இப்போ 'தமில்' சிவப்பாச்சு. கூடவே 'மாடசாமி', 'இசக்கிமுத்து'வும்! நம்ம ஊர்ப் பேரை அகராதி எங்கே கண்டுச்சு? கடைசியில சித்தப்பா ஒவ்வொரு பேரா சத்தமா வாசிச்சார். 'அருள்'னு வந்ததும் பக்கத்துல நின்ன பொடியன் கத்தினான்: "அண்ணே, நான் அருண்!"

அந்தப் பேருக்குக் கீழே கோடே இல்லை.